'கரண்ட் இல்லாதப்ப' என்று நான் எழுதியது

1

மஸ்கட்டில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் சாமி படங்கள் தென்கிழக்குச் சுவரில் இருக்கின்றன. கடல் தாண்டி நம் மலை அந்தப் பக்கம்தான் என்று வந்த புதிதில் ஒருத்தர் சொன்னார். அதிலிருந்து விளக்கேற்றிக் கும்பிடும்போது முருகனையும் கும்பிட்ட மாதிரி ஆகிறது, ஜவ்வாது மலையையும் கும்பிட்ட மாதிரி ஆகிறது. இன்றைக்கும் கும்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். நல்ல புத்தி கொடு என்று கேட்கவில்லை, அது வேண்டிய நேரம் போய்விட்டது. எழுதும்போது எதையும் மறைக்காமல் இருக்கணும், அது போதும் என்று கேட்டேன்.

திருவிழா மலருக்கு "வெளிநாட்டு வாழ்க்கை எப்படி இருக்குதுன்னு நாலு பக்கம் எழுதுங்க" என்று ஊர் கமிட்டியில் கேட்டிருந்தார்கள். கடற்கரை, ஒட்டகம், வெயில், இங்குள்ள கோயிலில் தைப்பூசம் என்று எழுதிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அதே வாரம் கண்ணமங்கலத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் பாஸ்கர் போன் செய்தான்.

"அண்ணா, நம்ம குரூப்ல புது ஆளுங்க நெறைய சேர்ந்துட்டாங்க. கேள்வி கேட்டா கிண்டல் பண்றானுங்க, ஒருத்தன ஒருத்தன் மட்டம் தட்றானுங்க. பதில் சொல்றவங்க எப்படிச் சொல்லணும்னு நீங்க ஒரு பத்து விதி எழுதிக் குடுங்க. நீங்க எழுதினாத்தான் மதிப்பாங்க."

சரிப்பா என்றேன். இரண்டு நாள் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ஒரு விதிகூட எழுத வரவில்லை. அது ஏன் வரவில்லை என்பதுதான் இந்த நாலு பக்கம். ஒட்டகம் படிக்கலாம் என்று எடுத்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

2

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் கோவிந்தசாமி. ஜமுனாமரத்தூருக்கு மேலே நம் ஊரில் சாமையும் புளியும் போட்ட குடும்பம். பத்தாவது வரை படித்தேன், பிறகு வயர்மேன் படிப்பு. கலசப்பாக்கத்தில் ஒரு ரீவைண்டிங் கடையில் நாலு வருடம் வேலை. அங்கிருந்து மஸ்கட் வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. உயரமான கட்டடங்களில் தண்ணீர் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மனைவி சாந்தி, ஒன்பதாவது படிக்கும் மகள் யாமினி இரண்டு பேரும் இங்கேதான் என்னோடு.

வந்த முதல் வாரம் ஒரு கூத்து நடந்தது. கம்பெனி ஆபீசில் என் சான்றிதழ்களை வாங்கிப் பார்த்தவர் கேரளாக்காரர். நம் சாதிச் சான்றிதழில் என்ன போட்டிருக்கும், உங்களுக்குத் தெரியும். அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மலையாளியாணோ? நாட்டில் எவிடயா?"

"ஜவ்வாது மலைங்க."

"அதெவிடயா?"

"வேலூரு பக்கம், திருவண்ணாமலை பக்கம்."

மனிதர் என்னைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார். திருட்டு சர்டிபிகேட் என்றே முடிவு கட்டிவிட்டார். மலையில் இருக்கிறவன் மலையாளி, நாங்கள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பெயர்தான் என்று நான் தமிழில் சொல்ல, அவர் மலையாளத்தில் கேட்க, பக்கத்தில் இருந்த இந்திக்காரர் இரண்டையும் இங்கிலீஷில் மாற்றி அரபி அதிகாரிக்குச் சொன்னார். கடைசியில் அந்த அதிகாரி சிரித்துவிட்டு முத்திரை குத்தினார்.

இந்தக் கதையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஒரே வார்த்தை, இந்த ஊரில் ஒரு பொருள், அந்த ஊரில் ஒரு பொருள். அது கண்ணெதிரே நடந்து, அதில் மாட்டிக்கொண்டு முழித்தவன் நான். அதில் ஒரு பாடம் இருக்கிறது என்று அப்போது தெரியவில்லை. வெறும் சிரிப்பாகவே பதினெட்டு வருடம் செலவழித்தேன்.

3

பாஸ்கர் ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப்பின் பெயர் 'மோட்டார் சந்தேகம்'. கணியம்பாடி, கண்ணமங்கலம், கலசப்பாக்கம் பக்கத்து விவசாயிகள், நம் மலைக்காரர்கள், ரீவைண்டிங் கடைக்காரர்கள், என்னைப் போல வெளியே இருக்கிற நாலைந்து பேர். மோட்டார் நின்றுபோனால் படம் எடுத்துப் போடுவார்கள், தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். மலையிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவர் பஸ் பிடித்து ஏறி வருவதற்குள் பயிர் வாடிவிடும். அதனால் அந்தக் குரூப் நிறைய பேருக்கு உதவியாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

கூத்தும் இருக்கும்.

"மோட்டார் ஓடல. இன்னா பண்ணலாம்?" என்று ஒருவர் கேட்பார்.

"தேங்கா ஒடச்சிப் பாரு" என்பார் ஒருத்தர்.

"போட்டோ போடுப்பா, இங்க இன்னா கிளி ஜோசியமா பாக்குறோம்?"

"எங்க வூட்டு மோட்டாரும்தான் ஓடல. பாகப் பிரிவினைல நிக்குது."

கேட்டவர் அதோடு வாயை மூடிக்கொள்வார். இந்த மாதிரி ஆட்களை நான் கண்டிப்பேன். கேட்கிறவன் செடி வாடுகிறதே என்ற கவலையில் வந்திருக்கிறான், அவனைப் பார்த்துச் சிரிக்காதே என்பேன். எத்தனை எச்.பி., சிங்கிள் பேஸா திரீ பேஸா என்று முதலில் கேள். தெரியாவிட்டால் சும்மா இரு. இன்னொருத்தர் சொன்னது தவறு என்றால், ஏன் தவறு என்று சொல், ஆளைத் திட்டாதே. சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று கேட்டவர் திரும்பி வந்து சொல்லணும், அடுத்தவனுக்கு உபயோகப்படும். இதெல்லாம் நான் பழக்கிய ஒழுங்கு.

எல்லாவற்றுக்கும் மேலே எனக்கு ஒரு பெருமை இருந்தது. நீட்டி முழக்க மாட்டேன். மோட்டார் பக்கத்தில் ஈரக் கையோடு நிற்கிறவனுக்கு எதற்குப் பெரிய கடிதம்? இரண்டு வரி, மூன்று வரி. "கோவிந்தண்ணன் பதில் போட்டா ஆணி அடிச்ச மாரி இருக்கும்" என்று பாஸ்கர் சொல்வான். ஆணி எங்கே இறங்கியது என்பதை இனிமேல்தான் சொல்லப் போகிறேன்.

4

போன வருடம் ஆடி மாதம். இங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. கோயிலுக்குப் போய்விட்டு வந்து சாப்பிட உட்காரும் நேரத்தில் ஒரு கேள்வி வந்தது. போட்டது ஏழுமலை. நம் ஊரிலிருந்து இரண்டு மலை தள்ளி இருக்கும் குக்கிராமத்தில் தக்காளி போட்டிருக்கும் பையன், முப்பது வயது இருக்கும். நேரில் பார்த்ததில்லை.

"அண்ணா வணக்கம். எங்க போர் மோட்டார் ஒன்றரை எச்.பி., சிங்கிள் பேஸ். ஸ்விட்ச் போட்டா உம்முன்னு சத்தம் மட்டும் வருது, தண்ணி ஏறல. நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சி. பெட்டியோட போட்டோ போட்டிருக்கேன்."

நான் பழக்கிய ஒழுங்குப்படி ஒரு குறைகூட இல்லாத கேள்வி. அதைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கெப்பாசிட்டர் வயிறு உப்பிக்கொண்டு நின்றது. இதற்கு யோசிக்கவே வேண்டாம். சாந்தி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கையால் தட்டினேன்.

"ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் போயிடிச்சி. அதே நம்பர் வாங்கி மாத்துங்க. கரண்ட் இல்லாதப்ப பெட்டியத் திறங்க."

இவ்வளவுதான் எழுதினேன். ஓர் எழுத்துக் கூட்டவோ குறைக்கவோ இல்லாமல் இதுதான். உடனே பதில் வந்தது.

"ரொம்ப நன்றிங்கண்ணா. கரண்ட் இல்லாதப்பவே செய்றோம்."

நான் கும்பிடு போடும் பொம்மையை அனுப்பிவிட்டுச் சாப்பிட்டேன். 'செய்றோம்' என்று இருந்ததை அப்போது கவனிக்கவில்லை. செய்கிறவர் ஒருவர், படிக்கிறவர் இன்னொருவர் என்பது எனக்குத் தெரியாது.

5

இங்கே நான் ஒரு பம்பைத் தொடுவதற்கு முன்னால் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். அந்தப் பம்புக்கு வரும் லைனின் ஸ்விட்சைத் தனியாக இறக்கணும். இறக்கிய இடத்தில் என் பூட்டைப் போட்டுப் பூட்டணும். என் படம் ஒட்டிய சிவப்பு அட்டையை அதில் மாட்டணும். சாவி என் சட்டைப் பையில் இருக்கணும். அப்புறமும் டெஸ்டர் வைத்துப் பார்க்கணும். பதினெட்டு வருடமாக ஒரு நாள் தவறாமல் செய்கிறேன். 'கரண்ட் இல்லை' என்று என் வாயில் வந்தால், நான் அறுத்துவிட்டேன், பூட்டிவிட்டேன், சாவி என்னிடம் இருக்கிறது என்று அர்த்தம். இந்த ஊரில் கரண்ட் தானாகப் போவது புயல் வந்தால்தான். யாமினி சின்னக் குழந்தையாக இருந்தபோது ஒரு புயலில் விளக்கு அணைந்தது. அவள் பயந்து அழுததை இப்போதும் சொல்வோம்.

நம் மலையில் கரண்ட் இல்லை என்றால் என்ன அர்த்தம்? கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். காற்றடித்தால் போகும், கிளை விழுந்தால் போகும். போனது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நானும் அங்கே பிறந்தவன்தானே. கலசப்பாக்கம் கடையில் வேலை செய்த காலத்தில், கரண்ட் போனால் "இப்ப கரண்ட் இல்ல, சீக்கிரம் முடிச்சிடு" என்று முதலாளி சொல்வார். நானும் மெயினை இறக்காமல் கை வைத்திருக்கிறேன். முருகன் காப்பாற்றினான், அவ்வளவுதான். அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, மறந்த விஷயம். இங்கே வந்து சுகமாக இருந்ததில் அந்த வார்த்தைக்கு அங்கே இருக்கும் பொருள் என்னைவிட்டுப் போய்விட்டது.

ஏழுமலை அன்றைக்கே ஜமுனாமரத்தூர் போய் கெப்பாசிட்டர் வாங்கி வந்திருக்கிறான். வாங்கிக்கொண்டு வந்து மாட்டாமல் உட்கார்ந்திருக்கிறான். கரண்ட் இல்லாதபோதுதானே திறக்கணும்? கரண்ட் இருந்தது. மறுநாள் மத்தியானம் காற்று அடித்து கரண்ட் போனது. போனதும் அவனும் மனைவியும் வயலுக்கு ஓடியிருக்கிறார்கள். மெயின் ஸ்விட்ச் தலைக்கு மேலே பலகையில் இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. பழைய கெப்பாசிட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டி, கடைசி வயரை முறுக்கும்போது கரண்ட் வந்துவிட்டது.

உயிர் இருக்கிறது. வேலூரில் ஆஸ்பத்திரியில் இருபது நாள். வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருக்கும் இரண்டும் மடங்காது.

6

ஷாக் அடித்த அன்று சாயங்காலமே பாஸ்கர் குரல் செய்தி போட்டான். "நம்ம ஏழுமலைக்கு ஷாக் அடிச்சிடுச்சிங்க. மோட்டார் பெட்டில கை வெச்சிட்டாப்ல. எல்லாரும் சாமிய வேண்டிக்கங்க."

நான் என் பதிலை எடுத்துப் படித்தேன். முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் ஏழுமலையின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று எனக்குக் கேட்டது. சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். நின்றேனே தவிர, அங்கே சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. நேராக மகளிடம் போனேன்.

"யாமினி, போட்ட மெசேஜை அழிக்கறது எப்படிம்மா?"

"அழுத்திப் புடிப்பா. டெலீட் வரும்."

"எல்லார் போன்லயும் அழியுமா?"

"எவ்ரிஒன்னு குடு, அழியும். தப்பா அனுப்பிட்டியா?"

"ஆமா."

"பரவால்லப்பா. எல்லாரும் பண்றதுதான்."

அவள் தன் போனுக்குத் திரும்பிவிட்டாள். அவளைக் குறை சொல்லவில்லை. அழிக்கச் சொன்னது அவள் இல்லை, நான் கேட்டேன், அவள் காட்டினாள். ஆனால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது, மலையில் ஒருத்தருக்கு ஷாக் அடித்துவிட்டது என்று சொன்னேன். "நம்ம சொந்தமா?" என்றாள். இல்லை என்றேன். "ஓ" என்றாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். நான் குரூப்பில் இத்தனை வருடம் எழுதிய எதையும் அவள் படித்ததில்லை. அது ஒரு வகையில் எனக்கு அன்று நிம்மதியாக இருந்தது. தகப்பன் இப்படி நிம்மதிப்படுகிற நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

7

மெசேஜ் அழிந்தாலும் அந்த இடத்தில், இன்னார் போட்டது நீக்கப்பட்டது என்று ஒரு வரி நிற்கும். எல்லோரும் பார்த்திருப்பார்கள். நான் பயந்துகொண்டே இருந்தேன், யாராவது கேட்பார்கள் என்று. ஒருத்தரும் கேட்கவில்லை. பாஸ்கரும் கேட்கவில்லை. பெரியவர், வெளிநாட்டில் இருக்கிறவர், இத்தனை பேருக்கு உதவி செய்தவர், அவரை எப்படிக் கேட்பது? நம்மிடம் அதுதான் மரியாதை.

அதற்குப் பதில் வேறு பேசினார்கள்.

"மெயின எறக்காம எவனாவது கை வெப்பானா?"

"படிக்கத் தெரியாதவங்க இதுல எல்லாம் எறங்கக் கூடாதுப்பா."

"அண்ணன் கரெக்டாத்தான் சொல்லியிருப்பாரு. ஒழுங்கா படிச்சிருக்க மாட்டாங்க."

கடைசி வரியை நான் பார்த்தேன். படித்தேன் என்பதற்கு நீல டிக் விழுந்திருக்கும். அதற்கு ஒரே ஒரு பதில் போட்டிருந்தால் போதும். போடவில்லை. அன்றிலிருந்து எந்தக் கேள்விக்கும் நான் பதில் சொல்லவில்லை. கெட்டிக்காரத்தனமாக ஒதுங்கிக்கொண்டதை எல்லோரும் என் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

உடனே ஊருக்கு வந்து ஏழுமலையைப் பார்த்திருக்கலாம். பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தது. படிவத்தில் தெருப் பெயர் எழுதாவிட்டால் அடுத்த பக்கம் போகாது. நம் ஊரில் தெரு ஏது? ஏஜெண்ட் 'மெயின் ரோடு' என்று போட்டுவிட்டார். விசாரிக்க மலை ஏறி வந்த போலீஸ்காரர் ஊர் முழுக்க மெயின் ரோடைத் தேடியிருக்கிறார். "அப்படி ஒரு ரோடு போட்டா எங்களுக்கும் சொல்லுங்க சார்" என்று நம் ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். முகவரி தவறு என்று திருப்பி, மறுபடி எழுதி, மறுபடி வந்து, மாதக் கணக்கில் இழுத்தது. கேட்கிறவர்களிடம் எல்லாம் அந்தக் கதையைச் சொன்னேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தத் தாமதம் எனக்கு வசதியாக இருந்தது.

8

போன மாதம்தான் ஊருக்கு வந்தேன். பருவதமலை அடிவாரத்தில் கற்பூரம் ஏற்றிவிட்டு, மறுநாள் ஏழுமலை வீட்டுக்குப் போனேன். கையில் பேரீச்சம்பழம். மன்னிப்புக் கேட்க வருகிறவன் கையில் என்ன இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஏழுமலை வாசலிலேயே வந்து இடது கையைத் தூக்கி வணக்கம் வைத்தான். "வாங்கண்ணா, வாங்க. குரூப்ல பாத்த மொகம், இப்பத்தான் நேர்ல பாக்குறேன். இன்னா இவ்ளோ ஒல்லியா இருக்கீங்க, அங்க சோறு போட மாட்டாங்களா?" என்றான். தக்காளியை விட்டுவிட்டு இரண்டு மாடு வைத்திருக்கிறானாம். "ஒத்தக் கையால பால் கறக்குறேன். மாடு என்ன நம்ப மாட்டேங்குது" என்று சிரித்தான். அம்மா குப்பம்மா உள்ளேயிருந்து பாய் எடுத்துப் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, "மஸ்கட்டுல இருந்து தம்பி வந்திருக்குது பாரு, எம்புள்ளயப் பாக்க" என்று காட்டினார். யாரும் ஒரு வார்த்தை என்னைக் குறையாகக் கேட்கவில்லை. நான் உட்கார்ந்திருந்தேன்.

ஏழுமலையின் மனைவி அலமேலு காபி கொண்டுவந்து கொடுத்தாள். தலையை நிமிர்த்தவில்லை. குப்பம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனதும், ஏழுமலை யாரிடமோ போனில் பேசிக்கொண்டு வெளியே நின்றதும், அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளும்மா."

"அன்னைக்கு அவர் போன்ல கேள்விய நான்தான் எழுதினேன். அவருக்கு எழுதப் படிக்க வராது. நீங்க போட்ட பதிலயும் நான்தான் படிச்சிச் சொன்னேன்."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மெயின எறக்கிட்டுத் தொறங்கன்னு நீங்க எழுதி இருந்தீங்க இல்ல? நான் அந்த வரிய வுட்டுட்டுப் படிச்சிட்டேன்னு எங்க அத்தை சொல்றாங்க. ஊரெல்லாம் அப்படித்தான் சொல்றாங்க. எனக்குப் பத்தாவது வரைக்கும் படிப்பு, தமிழ் நல்லா வரும்ணா. நான் வுட்டுட்டுப் படிக்கலன்னு முதல்ல சொல்லிட்டு இருந்தேன். எடுத்துக் காட்டலாம்னு பாத்தா மெசேஜ் இல்ல. இப்ப எனக்கே அதுல மெயின்னு ஒரு வார்த்த இருந்த மாரி ஞாபகம் வருது. கண்ண மூடினா எழுத்தாவே தெரியுது. நான்தான் வுட்டுட்டேனாண்ணா?"

இதுதான் நான் சொல்ல வந்தது. ஏழுமலையின் விரல்களுக்கு நான் பொறுப்பு, அதைத் தெரிந்துதான் மலை ஏறினேன். இந்தப் பெண்ணைப் பற்றி எனக்குத் தெரியாது. மோட்டார் பெட்டியில் மூன்று விரல் போனது என் அவசரத்தால். இவளுக்கு இருந்த ஒரே சாட்சியை நான் உட்கார்ந்து, யோசித்து, வழி கேட்டு அழித்திருக்கிறேன்.

"இல்லம்மா. நீ சரியாப் படிச்ச. மெயின்ங்கற வார்த்தையே நான் எழுதல" என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "இத எங்க அத்தைகிட்ட சொல்றீங்களா?" என்றாள்.

9

சொன்னேன். குப்பம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஏழுமலையையும் உட்கார வைத்து, எழுதியது எது, எழுதாதது எது, பயந்து அழித்தது எப்படி என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். காலில் விழப்போனேன், ஏழுமலை பிடித்துக்கொண்டான்.

குப்பம்மா எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாடி சொன்ன தம்பிகிட்ட? அழுது காட்டினியா?"

"நான் ஒண்ணும் சொல்லல அத்தை."

"அக்கா, அவ சொல்லல. நடந்தது அதுதான்" என்றேன்.

"தம்பி, உனக்குப் பெரிய மனசு. அடுத்த வூட்டுப் பொண்ணு திட்டு வாங்குதேன்னு நீ பழிய ஏத்துக்கிற. சாமிக்குப் பயந்தவன் இப்படித்தான் பேசுவான். வெளிநாட்டுல அத்தினி பெரிய கட்டடத்துல மோட்டார் பாக்குறவன், மெயின எறக்கச் சொல்லாம வுடுவியா? குழந்தகூடச் சொல்லுமே."

"சொல்லாம வுட்டுட்டேன்கா."

"சரி. அப்ப அந்த மெசேஜக் காட்டு."

போனை எடுத்தேன். எடுத்துவிட்டு என்ன காட்டுவது? 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரியை ஏழுமலையிடம் காட்டினேன். அவனுக்குப் படிக்க வராது. அலமேலுவைப் பார்த்தான். அவள் அதை வாங்கவில்லை.

"வுடுண்ணா. என் நேரம்" என்றான் ஏழுமலை. "இவ படிச்சது தப்போ, நீங்க எழுதினது தப்போ, வெரலு மொளச்சி வரப்போவுதா?"

குப்பம்மா எழுந்து எனக்கு விபூதி கொண்டுவந்து பூசினார். நல்லா இரு என்றார். புறப்படும்போது ஒரு மூட்டை சாமை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பஸ் வளைவில் திரும்பும்போது பார்த்தேன், அலமேலு மாட்டுக்குப் புல் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். பஸ் பக்கம் திரும்பவில்லை.

அப்புறம் விசாரித்ததில் தெரிந்தது, ஒரு வருடமாகக் குப்பம்மா மருமகள் கையால் சாப்பிடுவது இல்லை. தனியாக உலை வைத்துக்கொள்கிறார். அலமேலுவின் அம்மா வீடு கணியம்பாடி பக்கம். அங்கே போய்விடலாமா என்று அவள் ஒரு தடவை கேட்டிருக்கிறாள். படிக்கத் தெரிந்த பொண்ணு வேண்டும் என்று இவர்கள்தான் தேடிப்போய்க் கட்டி வந்தார்களாம்.

10

மஸ்கட் திரும்பி வந்து கோயிலில் போய் உட்கார்ந்தேன். கிருத்திகைக்குக் கிருத்திகை பட்டினி இருக்கிறேன். முருகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அவனுக்குத் தெரியாததா. ஆனால் முருகன் போய்க் குப்பம்மாவிடம் சொல்லப்போவதில்லை. நான் சொன்னாலும் எடுபடவில்லை. பொய்யாக ஒரு நல்ல பெயரை இத்தனை வருடம் சேர்த்து வைத்திருக்கிறேன், அது இப்போது நான் உண்மை பேசும்போது குறுக்கே வந்து நிற்கிறது.

யாமினியிடம் ஒரு நாள் கேட்டேன், அழித்ததைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறதா என்று. "இல்லப்பா. அதுக்குத்தானே டெலீட்டு" என்றாள். எதற்கு என்று கேட்டாள். முழுவதும் சொன்னேன். பாதியில் அவளுக்கு ஆன்லைன் வகுப்பு வந்துவிட்டது.

பாஸ்கருக்கு நான் விதி எழுதித் தரப்போவதில்லை. குரூப்பில் இருக்கிறவர்கள் இந்த மலரைப் படித்தால் ஒன்று மட்டும் செய்யுங்கள். யார் என்ன கேட்டாலும், முதல் வரியாக 'மெயினை நீங்களே உங்கள் கையால் இறக்குங்கள்' என்று எழுதிவிட்டு அப்புறம் உங்கள் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுங்கள். கேட்கிறவர் எந்த ஊரில், எந்த மரத்தடியில் நிற்கிறார் என்று யோசியுங்கள். தவறு என்று தெரிந்தால் அழிக்காதீர்கள். கீழே, 'நான் சொன்னது தவறு' என்று எழுதுங்கள். இதெல்லாம் தெரிந்து எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை.

கமிட்டியிடம் நான் கேட்பது வேறு. மலர் அச்சானதும் ஒரு பிரதியை ஏழுமலை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். குப்பம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நாலாவது பகுதியில் நான் எழுதியது எழுதியபடி இருக்கிறது. இனி அதை யாரும் அழிக்க முடியாது, என்னாலும் முடியாது. அதை அவருக்கு யாராவது நிதானமாக, இரண்டு தடவை படித்துக் காட்ட வேண்டும். வாத்தியார் படிக்கலாம், பூசாரி படிக்கலாம், வழியில் போகிற யாரும் படிக்கலாம்.

அலமேலுவை மட்டும் படிக்கச் சொல்லாதீர்கள். அவள் தப்பாகப் படிக்கிறாள் என்று சொல்லிவிடுவார்கள்.